பழைய எடை

வட தமிழகத்தில் ஒரு சர்க்கரை ஆலை. அதன் எடைமேடைக் கூண்டுக்குள் ஒரு கணினி, அதற்கு இரண்டு திரைகள். ஒன்று ஆபரேட்டரின் முகத்துக்கு நேராக. இன்னொன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பி நிற்கும், கரும்பு கொண்டுவந்த விவசாயி பார்ப்பதற்காக. ஒரே புரோகிராம், இரண்டு ஜன்னல்கள், ஒரே எண். 2025 தொடக்கத்தில், அரவைப் பருவம் நடந்துகொண்டிருந்தபோது, வெளித்திரையில் ஒரு எடையும் சீட்டில் வேறொரு எடையும் வருகிறது என்று புகார் கிளம்பியது. வெளித்திரையில் 18,460 கிலோ. சீட்டில் 17,920. கரும்பைக் கொண்டுவந்த பெரியவர் செல்போனில் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தார்.

540 கிலோ. அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்திருந்த விலை குவிண்டாலுக்கு 340 ரூபாய்; அது 10.25 சதவீதம் சர்க்கரைக் கட்டுமானம் உள்ள கரும்புக்கு. 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 315 ரூபாய் 10 காசு. குறைந்த விலையில் கணக்குப் போட்டாலும் ஒரே லோடில் ஏறத்தாழ 1,700 ரூபாய். வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து, வெட்டுக்கூலி கொடுத்து, வண்டி வாடகை பேசி, யார்டில் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்று, நிற்க நிற்கக் காய்ந்து எடை இழக்கும் கரும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு 1,700 ரூபாய் என்பது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஆலை நிர்வாகம் உடனே ஒரு முடிவு எடுத்தது. அன்றைய இரவு ஷிஃப்ட் ஆபரேட்டரை, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இதற்கு முன்னும் இரண்டு மூன்று பேர் வாய்மொழியாகச் சொன்ன புகார்கள் இருந்தன. எல்லாமே அவருடைய ஷிஃப்டில். அந்த புரோகிராமை வேறு யாரோ எழுதி முடித்துப் போன பிறகு, பராமரிப்புக்கு எடுத்திருந்தது நான் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம். அதனால் சென்னையிலிருந்து நான் போனேன்.

இது டபிள்யூபிஎஃப்-இல் எழுதப்பட்ட புரோகிராம். மைக்ரோசாஃப்ட் 2006-இல் டாட்நெட் 3.0-உடன் வெளியிட்ட, விண்டோஸ் மேசைக்கணினிகளுக்கான திரை நூலகம். இன்றைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதன் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எடைமேடை, ஸ்கேன் சென்டர், டையிங் லேப், டோல்கேட் என்று போய்ப் பாருங்கள், பத்து பதினைந்து வருடமாக அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும் திரைகளில் பாதி இந்த வகைதான்.

அதன் மையமான யோசனை டேட்டா பைண்டிங். தமிழில் தரவுப் பிணைப்பு என்கிறார்கள். 'பிணை' என்றால் ஜாமீன் என்றும் ஒரு பொருள் இருப்பது எனக்குப் பிடிக்கும். திரையில் தெரிகிற எண்ணுக்கு, உள்ளே நினைவகத்தில் இருக்கிற எண் ஜாமீன். "இந்த எழுத்துப்பெட்டி எப்போதும் அந்த எடையைக் காட்டட்டும்" என்று ஒரு தடவை எழுதிவிட்டால் போதும். எடை மாறும்போதெல்லாம் பெட்டியைப் போய்த் திருத்த வேண்டியதில்லை. எக்செல்லில் ஒரு கட்டத்தை மாற்றினால் கீழே கூட்டுத்தொகை தானாக மாறுகிறதே, கிட்டத்தட்ட அதே ஆசை. 1979-இல் விசிகால்க் வந்த காலத்திலிருந்து கணினிக்காரர்கள் இந்த ஆசையை விடவே இல்லை.

ஆனால் 'தானாக' என்ற சொல்லில் ஒரு பொய் இருக்கிறது. எதுவும் தானாக மாறுவதில்லை. எடை மாறியவுடன் அது ஒரு குரல் கொடுக்க வேண்டும்: "நான் மாறிட்டேன்." அந்தக் குரலுக்கு டாட்நெட்டில் ஐநோட்டிஃபைபிராப்பர்ட்டிசேஞ்டு என்று ஒரு மைல் நீளப் பெயர். திரை அந்தக் குரலுக்காகக் காத்திருக்கும். குரல் வந்தால் போய்ப் புதிய மதிப்பை எடுத்துவரும். வராவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டு நிற்கும். எந்தச் சந்தேகமும் இல்லாமல், கம்பீரமாக நிற்கும்.

மற்ற பிழைகள் புரோகிராமை நிறுத்திவிடும், ஒரு செய்திப்பெட்டி வரும், யாராவது ஃபோன் பண்ணுவார்கள். பைண்டிங் பிழை அப்படி இல்லை. பெயரைத் தப்பாக எழுதியிருந்தால்கூட அது வெடிக்காது. விஷுவல் ஸ்டூடியோவின் அவுட்புட் ஜன்னலில் "அப்படி ஒரு பிராப்பர்ட்டி இல்லை" என்று ஒரு வரி ஓடும், அவ்வளவுதான். ஆலையில் நிறுவிய கணினியில் அந்த ஜன்னலும் கிடையாது. இப்படி வடிவமைத்ததற்கு நியாயம் உண்டு. ஒரு திரை திறக்கும் நேரத்தில் பெட்டிகள் முதலில் வரும், தரவு கொஞ்சம் பிந்தி வரும். அந்த இடைவெளியில் ஒவ்வொரு பெட்டியும் கத்தினால் எந்தத் திரையும் திறக்காது. நியாயம்தான். ஆனாலும் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து யோசித்தபோது, இதைவிட ஒரேயடியாக விழுந்து செத்திருக்கலாம் இந்த புரோகிராம் என்றுதான் தோன்றியது. செத்திருந்தால் அந்த மனிதரை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

போன அன்று முதலில் பார்த்தது நிரலை அல்ல, பெரியவரின் படத்தை. கேன் ஆபீஸில் அவரும் விவசாயிகள் சங்கத்துக்காரர் ஒருவரும் இருந்தார்கள். படத்தில் நேரம் அதிகாலை 2:26. டேட்டாபேஸில் அவருடைய லோடு பதிவாகியிருந்தது 2:25, எடை 17,920. அதற்கு முந்தைய வரியைப் பார்த்தேன். 2:17-க்கு ஒரு டிராக்டர். எடை 18,460.

"ஐயா, உங்களுக்கு முன்னாடி மேடையில ஏறினது யாரு, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? எங்க ஊர்ப் பையன்தான். என் தங்கச்சி மவன்."

"அவர்கிட்ட சீட்டு இருக்குமா?"

ஃபோன் போட்டார். அந்தப் பக்கம் தேடி எடுத்துப் படிக்க ஐந்து நிமிடம் ஆனது. பதினெட்டாயிரத்து நானூத்தி அறுபது என்று ஸ்பீக்கரில் கேட்டதும் அறையில் யாரும் பேசவில்லை.

"அது உங்க எடை இல்லீங்க ஐயா. முன்னாடி போன வண்டியோட எடை. திரை மாறாம அங்கேயே நின்னுருக்கு."

பெரியவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி: "அப்ப சீட்டுல இருக்கறதுதான் சரின்னு எப்பிடி சொல்ற தம்பி? ரெண்டும் உங்க கம்ப்யூட்டர்ல இருந்துதான வருது?"

எடைமேடையின் அடியில் உள்ள உணரிகளிலிருந்து கூண்டுக்குள் ஒரு சின்னக் கருவிக்கு எடை வருகிறது. சிவப்பு எண்கள் ஓடும் கருவி. எடையளவு ஆய்வாளர் சோதித்து முத்திரை வைப்பது அந்த மேடையையும் அந்தக் கருவியையும். அதிலிருந்து ஒரு சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு எண் வந்துகொண்டே இருக்கிறது. ஆபரேட்டர் 'சேவ்' அழுத்தும் கணத்தில் வந்த எண் டேட்டாபேஸுக்கும் சீட்டுக்கும் போகிறது. வெளித்திரை அந்த வழியில் எங்குமே இல்லை, அது வெறும் பார்வைக்கு. இதை அவருக்குச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. முத்திரை வைத்த கருவி ஆபரேட்டரைப் பார்த்து இருக்கிறது. விவசாயி பார்க்கக்கூடிய ஒரே எண், எதற்கும் பொறுப்பில்லாத அந்த எண்தான்.

புகார்கள் எல்லாம் ஏன் ஒரே திசையில் வந்தன என்பதும் அப்போது புரிந்தது. திரை முந்தைய வண்டியின் எடையைக் காட்டினால், சில சமயம் அது உங்கள் எடையைவிட அதிகமாக இருக்கும், சில சமயம் குறைவாக. அதிகமாக இருந்தால் சண்டைக்கு வருவீர்கள். குறைவாக இருந்து, சீட்டில் கூடுதலாக வந்தால், சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவீர்கள். நானும் அப்படித்தான் செய்வேன்.

கேன் மேனேஜர் மசியவில்லை. "பழைய எடைன்னு ஆயிடுச்சு, சரி. அந்தாளு வேணும்னே நிறுத்தி வெச்சிருக்கலாமில்ல? மத்த ரெண்டு ஷிஃப்ட்ல ஏன் வரல?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால் இரண்டு இரவுகள் கூண்டிலேயே உட்கார்ந்தேன்.

பைண்டிங் நின்றுபோனால் பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு வழக்கமான வரிசை உண்டு. மாறுகிற மதிப்பு குரல் கொடுக்கிறதா? கொடுத்தது. பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா? இருந்தது, சீஷார்ப் ஐந்தாம் பதிப்பிலிருந்து பெயரை மொழியே நிரப்பிக்கொள்ளும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். திரை கேட்டுக்கொண்டிருக்கும் பொருளும், எடை மாறிக்கொண்டிருக்கும் பொருளும் ஒன்றேதானா? இது பலரைப் பைத்தியமாக்கும் வகை. ஸாமல் கோப்பு தனக்கென்று ஒரு வியூ மாடலை உருவாக்கிக்கொள்ளும், நிரல் இன்னொன்றை உருவாக்கும். ஒரே சாயலில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. நாம் ஒன்றுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருப்போம், திரை இன்னொன்றின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே அப்படியும் இல்லை, ஒன்றுதான் இருந்தது.

பிறகு த்ரெட். சீரியல் கேபிளிலிருந்து தரவு வந்த செய்தி, திரையை வரைகிற த்ரெடில் வராது, வேறொன்றில் வரும். பட்டியலாக இருந்தால் அங்கே பிரச்சினை வெடித்திருக்கும். அப்சர்வபிள்கலெக்‌ஷனை வேறு த்ரெடிலிருந்து தொட்டால் டபிள்யூபிஎஃப் எக்ஸெப்ஷனை வீசும். தனி எண்ணாக இருந்தால் அதுவே எடுத்துச் சரியான த்ரெடுக்குக் கொண்டுபோய்விடும். எடை என்பது தனி எண். அதுவும் குற்றவாளி இல்லை.

இரண்டு இரவும் வெளித்திரை அழகாக வேலை செய்தது. டிராக்டர் ஏற ஏற எண்கள் ஏறின, இறங்க இறங்க இறங்கின. கூண்டில் இருந்த மாற்று ஆபரேட்டர் கொட்டாவி விட்டார். இரண்டாம் நாள் காலை டீ குடிக்கும்போது மேனேஜர் சொன்னார்: "பாத்தீங்களா தம்பி? ஆளு இல்லன்னா பிரச்சினையும் இல்ல."

தர்க்கப்படி அது தவறில்லை என்பதுதான் சங்கடம். அவர் இருக்கும்போது மட்டும் நடக்கிறது, இல்லாதபோது நடப்பதில்லை. அதே தகவலிலிருந்து அவர் ஒரு முடிவுக்குப் போனார். நான், அந்த மனிதர் செய்கிற ஏதோ ஒன்றை மற்றவர்கள் செய்வதில்லை என்ற இடத்தில் நின்றேன். அவரைக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும் என்று கேட்டேன். சங்கத்துக்காரரும் உடன் இருப்பார் என்ற நிபந்தனையில் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாம் இரவு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, கையில் டிபன் பாக்ஸ். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் எதுவும் கேக்கப் போறதில்ல. எப்பவும் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க."

"எப்பவும் பண்றதத்தான் சார் பண்ணேன்."

கருவியை நான் ஏற்கெனவே தயாராக வைத்திருந்தேன். நிரலில் ஒரு சின்னச் சேர்க்கை: ஒவ்வொரு விநாடியும் வெளித்திரையின் எழுத்துப்பெட்டியிடம் "உன் பைண்டிங் இன்னும் இருக்கா?" என்று கேட்டு, பதிலை ஒரு கோப்பில் எழுதும். முதல் இரண்டு இரவும் அந்தக் கோப்பு முழுக்க 'இருக்கு'.

முதல் வண்டி ஏறியது. எடை நின்றது. சேவ். சீட்டு அச்சாகத் தொடங்கியது. அவர் இடது கையால் எஃப்8 விசையை அழுத்தினார். வெளித்திரையில் எண் மஞ்சள் பின்னணிக்கு மாறியது.

"இது என்னண்ணே?"

"ஹோல்டு சார். வண்டி கீழ எறங்கிட்டா நம்பர் ஓடிரும். பெருசுங்க கண்ணாடியத் தேடி மாட்டறதுக்குள்ள போயிடுது. இத அழுத்துனா கொஞ்ச நேரம் நிக்கும், நிதானமா பாத்துக்கலாம்."

கோப்பைத் திறந்தேன். அந்த விநாடியிலிருந்து எல்லா வரியும் 'இல்லை'.

பதினைந்து விநாடியில் மஞ்சள் போய்க் கறுப்புப் பின்னணி திரும்பியது. பார்க்கிறவருக்கு, ஹோல்டு விலகிவிட்டது, இனி வருவது நடப்பு எடை என்று அர்த்தம். ஆனால் எண் அப்படியே நின்றது. வண்டி இறங்கியது, மேடை காலி, உள்ளே சிவப்பு எண்கள் பூஜ்யத்துக்கு வந்தன. வெளியே முதல் வண்டியின் எடை. அடுத்த வண்டிக்கு அவர் மறுபடி எஃப்8 அழுத்தினார், புதிய எடை வந்தது. அதற்கடுத்த வண்டியின்போது பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொள்ள, எழுந்துபோய் அதை உருவி எடுத்தார், எஃப்8 மறந்துபோனது. வெளித்திரையில் முந்தைய வண்டி. சங்கத்துக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எண்ணைச் சத்தமாகப் படித்தார். நான் உள்ளிருந்து சிவப்பு எண்ணைப் படித்தேன். மறுபடி அவர். மறுபடி நான்.

நிரலில் அந்த இடம் ஒரே வரி. எஃப்8 அழுத்தினால், எழுத்துப்பெட்டியின் உரையில் அப்போதைய எடையை நேராக எழுது. பதினைந்து விநாடி கழித்து நிறத்தை மாற்று. எழுதியவர் மேசையில் ஒரே எடையை வைத்துச் சோதித்திருக்க வேண்டும். எண் நின்றது, நிறம் மாறித் திரும்பியது, எல்லாம் சரி.

டபிள்யூபிஎஃப்-இல் ஒரு பெட்டியின் உரை என்பது ஒரு நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பைண்டிங் அதில் உட்கார்ந்திருக்கும். எடை மாறும்போது தகவல் வாங்கித் தருவது அதன் வேலை. நீங்கள் போய் "இந்த உரையை வை" என்று நேராக ஒரு எண்ணைக் கொடுத்தால், அந்த எண் அதே நாற்காலியில் உட்காரும். ஒருவழிப் பைண்டிங்காக இருந்தால் அது எழுந்து போய்விடும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, அவுட்புட் ஜன்னலில்கூட ஒரு வரி கிடையாது. ஏனென்றால் இது பிழையே அல்ல. நீங்கள் சொன்னதைத்தான் அது செய்தது. எடை மாறிக்கொண்டே இருக்கும், குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும், கேட்க அங்கே ஆள் இருக்காது. ஜன்னலை மூடித் திறந்தால்தான் பைண்டிங் திரும்ப வரும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் லாகின் செய்யும்போது ஜன்னல் புதிதாகத் திறக்கும். அதனால்தான் அது ஒரு ஷிஃப்டோடு, ஒரு மனிதரோடு ஒட்டிக்கொண்டது. மற்ற இரு ஆபரேட்டர்கள் எஃப்8 பக்கமே போவதில்லை. பெரியவர்கள் எண்ணைப் படித்தார்களா இல்லையா என்பது அவர்களுக்கு ஒரு விஷயமாக இருந்ததில்லை.

திருத்துவதற்கு இரண்டு வழிகள் மனதில் வந்தன. 2010-இல் டாட்நெட் 4-உடன் வந்த செட்கரண்ட்வேல்யூ என்ற ஒன்று, பைண்டிங்கை எழுப்பிவிடாமல் மதிப்பை மட்டும் மாற்றும். ஆனால் எடைக் கருவி விநாடிக்குப் பல முறை எண் அனுப்புகிறது. அடுத்த எண் வந்ததும் நிறுத்திவைத்தது அடித்துக்கொண்டு போய்விடும், ஹோல்டு என்பதே இருக்காது. பைண்டிங்கை இருவழியாக்கினால் அது நாற்காலியை விடாது, உண்மை. ஆனால் திரையில் எழுதியதைக் கொண்டுபோய் உள்ளே எடையிலேயே எழுதிவிடும். அதை நினைத்தாலே வயிறு கலங்கியது. இதுவரை திரை மட்டும்தான் பொய் சொன்னது.

கடைசியில் செய்தது எளிமையானது. வியூ மாடலில் 'நடப்பு எடை'யோடு 'காட்டும் எடை' என்று இன்னொன்று. சாதாரணமாக அது நடப்பு எடையைப் பின்தொடரும். ஹோல்டு இருக்கும்வரை நின்றிருக்கும். ஹோல்டு விலகியதும் நடப்பு எடைக்குத் தாவிக் குரல் கொடுக்கும். வெளித்திரை அதை மட்டும் பார்க்கும். திரையை யாரும் நேராகத் தொடுவதில்லை. ஒரு மணி நேர வேலை. சோதிக்க எழுபது வண்டிகளை ஓட்டினோம், எஃப்8-ஐ அழுத்தியும் அழுத்தாமலும். கோப்பில் எல்லா வரியும் 'இருக்கு'.

மேனேஜரிடம் விளக்கியது அதைவிடக் கஷ்டம். நாற்காலிக் கதையைச் சொன்னேன், தலையாட்டினார். கடைசியில், "சரி, அப்ப அந்த பட்டனத் தூக்கிடுங்க, வம்பே வேணாம்" என்றார். சங்கத்துக்காரர்தான் குறுக்கிட்டார்: "அது எங்காளுங்களுக்காக அவர் அழுத்தினது. அத ஏன் தூக்கணும்?"

ஆபரேட்டரை அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்த ஒன்பது நாளுக்குச் சம்பளம் பற்றி அந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. சங்கம் கேட்ட பிறகு அதை விடுப்பில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பெரியவர் அவரைக் கூண்டுக்கு வெளியே பார்த்து என்னவோ பேசினார், கேட்கும் தூரத்தில் நான் இல்லை. இருவரும் டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

பட்டனை எடுக்கவில்லை. ஆனால் சென்னை திரும்பிய பிறகு தொலைவிலிருந்து பதிவுகளைப் பார்த்தபோது அவருடைய ஷிஃப்டில் எஃப்8 ஒருமுறைகூட இல்லை. ஃபோன் செய்தேன். "வேணாம் சார், நம்பர் ஓடுனா ஓடட்டும்" என்றார். அடுத்த அப்டேட்டில் அதை ஆளின் கையிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது சீட்டு அச்சாகத் தொடங்கியதும் காட்டும் எடை தானாக முப்பது விநாடி நிற்கும், யார் ஷிஃப்டாக இருந்தாலும். முத்திரை வைத்த கருவிக்கும் வெளிப்பக்கம் ஒரு சிவப்பு எண் பலகை வைக்க வேண்டும் என்று சங்கம் மனு கொடுத்திருக்கிறது. அதற்குக் கணினி தேவையில்லை, கேபிளை அந்தக் கருவியிலிருந்து நேராகவே இழுக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன்.